கிழக்கே திருப்பிய பேனல்கள்

1. ஒப்படைக்கிற நாள்

சோலார் வேலையில் சுகமான நாள் ஒன்று உண்டென்றால் அது ஒப்படைக்கிற நாள்தான். குழி வெட்டி, கான்கிரீட் போட்டு, கேபிள் இழுத்து, எர்த்திங் அடித்து எல்லாம் முடிந்திருக்கும். பணம் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து ரிப்பன் வெட்டுவார். நமக்கும் ஒரு லட்டு கிடைக்கும். அந்த நினைப்பில்தான் அன்றைக்குச் சூரமங்கலத்தில் பஸ் ஏறினேன். நல்ல சேலையாகக் கட்டியிருந்தேன். வேலைக்குப் போகும்போது நான் சேலை கட்டுவது அந்த ஒரு நாள்தான்.

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு ஊர். ஊர்ப் பொது நிலத்தில் பதினாலு பெண்கள் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு பாத்தி. அங்கே இருந்த போர்வெல்லுக்கு மூணு எச்.பி. சோலார் பம்ப் மாட்டிக் கொடுத்தோம். சூப்பர்வைசர் நான்.

தோட்டத்தின் கேட் கிழக்குப் பக்கம். உள்ளே காலை வைத்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பேனல் பத்தும் இருந்தன. கன்ட்ரோலர் பெட்டி இருந்தது. திருட்டு இல்லை. பிறகுதான் தெரிந்தது, பேனல்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. போன மாதம் நான் அவற்றைத் தெற்குப் பார்த்து நிறுத்திவிட்டுப் போயிருந்தேன்.

நம் பக்கத்தில் பேனலைத் தெற்கே பார்த்துக் கொஞ்சமாகச் சாய்த்து வைப்போம். இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவது அதைத்தான். இங்கே பத்துப் பேனலும் கிழக்கே பார்த்தன. சாய்வுச் சட்டத்தையும் கடைசி ஓட்டைக்கு மாற்றி, கடையில் நிறுத்திவைத்த முகக்கண்ணாடி மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். நமக்குத்தான் திசை மறந்துவிட்டதோ என்று போனை எடுத்துத் திசைகாட்டியைப் பார்த்தேன். மறக்கவில்லை.

கம்பத்தின் அடியில் போய் போல்ட்டை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. ஸ்பிரிட் லெவல் வைத்தேன், குமிழ் நட்ட நடுவில் நின்றது. எங்கள் ஆட்கள் மாட்டியதைவிட நன்றாக மாட்டியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

2. "என்ஜினியர் எப்ப வருவாருங்க?"

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் படித்து இந்த வேலைக்கு வரவில்லை. சேலத்தில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்ற வேண்டும். முதலாளி அந்தத் தொழிலை விட்டு சோலாருக்குப் போனபோது மோட்டார்களோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

எந்த சைட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். இந்தத் தோட்டத்திலும் குழுத் தலைவி சரோஜா அதைத்தான் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, என்ஜினியர் எப்ப வருவாருங்க?"

"வந்தாச்சுங்க."

"எங்கீங்க காணோம்?"

"நான்தானுங்க."

சரோஜா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "செரி, டீ குடிங்க" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இந்த வேலையில் அவ்வளவு மரியாதை கிடைத்தாலே பெரிது.

வேலை முடிந்த அன்று மத்தியான வெயிலில் பம்பை ஓட்டிக் காட்டினோம். எல்லா சோலார்க்காரர்களும் மத்தியானத்தில்தான் ஓட்டிக் காட்டுவார்கள். அப்போதுதான் தண்ணீர் குழாயைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி வரும். பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு பேனலைத் தொட்டுக் கும்பிட்டாள். நாங்களும் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

3. மணிக்கணக்கு

சோலார் வருவதற்கு முன் அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரர், அதாவது பக்கத்து நிலத்துக்காரர், தன் மோட்டாரிலிருந்து தண்ணீர் விட்டார். கரண்ட் மோட்டார். காலையில் போட்டாலும் மத்தியானம் போட்டாலும் ஒரே அளவில் இறைக்கும். அதனால் தண்ணீரை மணிக்கணக்கில் முறை வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். இன்னாருக்கு இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை. கிணற்றுப் பங்குக்காரர்கள் மோட்டார் முறை வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்தில் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிற வழக்கம்தான்.

காலை ஆறு மணி முறை மரகதத்துக்கு. அவள் நூல் மில்லுக்குப் போகிறவள். ஏழரைக்கு மில் வேன் வந்துவிடும், அதற்குள் பாய்ச்சிவிட்டு ஓட வேண்டும். வெயில் ஏறாத காலை முறையும் சாயங்கால முறையும் மூத்த ஆட்களுக்கு. கொளுத்துகிற மத்தியான முறை, குழுவில் கடைசியாகச் சேர்ந்த ஸ்டெல்லாவுக்கு. மண்டை காய்கிற நேரத்தில் மண்வெட்டி பிடிக்க யாரும் முன்வராததால் அவள் தலையில் கட்டியது அது.

இன்னொரு விதியும் இருந்தது. ஆள் நேரில் வந்து மண்வெட்டி பிடித்தால்தான் தண்ணீர். ஆரம்பத்தில் சிலர் சும்மா பேருக்கு ஒரு பாத்தியை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களை அனுப்பிப் பாய்ச்சியிருக்கிறார்கள். கடைசியில் எந்தப் பாத்தி யாருடையது என்பதே சண்டையாகிவிட்டது. அதனால் சரோஜா அந்த விதியைக் கொண்டுவந்தார். காய்ந்து கிடக்கிற பாத்தி, இடம் கேட்டுக் காத்திருக்கிற அடுத்தவருக்குப் போய்விடும். அதுவும் விதிதான்.

காட்டுக்காரர் நிலத்தை விற்றுவிட்டார். கரண்ட் தண்ணீர் நின்றது, சோலார் வந்தது. இவர்கள் பழைய மணிக்கணக்கை அப்படியே சோலாருக்கும் வைத்துக்கொண்டார்கள்.

சோலார் பம்புக்கு மணி பார்க்கத் தெரியாது, வெயில் பார்க்கத்தான் தெரியும். ஆறு மணிக்கு அது தூங்கும். எட்டு மணி வாக்கில் இருமிக்கொண்டே எழுந்திருக்கும். மத்தியானம் பேய் மாதிரி இறைக்கும். சாயங்காலம் மறுபடியும் படுத்துவிடும். கௌரவமாக இருந்த காலை முறையும் சாயங்கால முறையும் ஒன்றுக்கும் உதவாமல் போயின. யாரும் வேண்டாமென்று தள்ளிய மத்தியான முறைக்கு ராஜயோகம் அடித்தது.

மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நேரத்தைக் குறைத்துக்கொண்டு பகலுக்குள் நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். மரகதத்தால் நகர முடியவில்லை. பம்ப் எழுந்திருக்கும்போது அவள் மில்லில் இருப்பாள். திரும்பி வரும்போது அது படுத்திருக்கும். மில்லுக்கு லீவான நாளில் மட்டும் தண்ணீர் கண்டால் பாத்தி எத்தனை நாளைக்குத் தாங்கும்? தக்காளி சுருண்டது. மிளகாய் பூவை உதிர்த்தது.

4. நோம்பிக்கு வந்த ஆட்கள்

இதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பேனலடியில் நின்று நான் கத்திய கத்தலில் பாத்தியில் இருந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் சரோஜா.

"யாருங்க இதைத் திருப்புனது?"

"நாங்கதானுங்க. நோம்பிக்கு ரிக்குக்காரங்க ஊருக்கு வந்திருந்தாங்க. அவங்களை உட்டுத் திருப்புனோம்."

நோம்பி என்றால் மாரியம்மன் திருவிழா. அந்தப் பக்கத்தில் பாதி வீட்டு ஆண்கள் போர் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே எங்கெங்கோ போய்விடுவார்கள். நோம்பிக்குத்தான் ஊர் திரும்புவார்கள். வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. முக்காலி நட்டு, பாரம் தூக்குகிற செயின் பிளாக் மாட்டி, கம்பத்தின் அடித் தகட்டில் இருந்த நட்டுகளைக் கழற்றி, முழு ஸ்ட்ரக்சரையும் பேனலோடு தூக்கி, கால் வட்டம் திருப்பி இறக்கியிருக்கிறார்கள். தகடு சதுரம், நாலு ஓட்டை. அதனால் கால் வட்டம் திருப்பினாலும் போல்ட் சரியாக உட்கார்ந்துவிட்டது. அந்தத் தகட்டைச் சதுரமாகச் செய்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"எதுக்குங்க திருப்புனீங்க?"

"மரகதத்துக்குத்தானுங்க. கெழக்க பாத்தாக் காலைல வெயில் மொதல்ல படுமில்லீங்க? ஆறு மணி முறைக்குத் தண்ணி வருமுன்னு பாத்தோம்."

"வந்துச்சா?"

"ஏழு மணிக்கு மேல கொஞ்சம் வந்துச்சுங்க. ஒரு வரப்பு நனையறதுக்குள்ள வேன் வந்துருச்சு."

நான் கேட்டேன்: "மரகதம் முறையை வேற யாராவது பகல்ல பாய்ச்சிக் குடுத்தா என்னங்க? அஞ்சு நிமிசத்து வேலை."

சரோஜா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதெப்படீங்க? விதின்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

ஒரு விதியைத் தளர்த்துவதைவிட பத்துப் பேனலைத் தூக்கித் திருப்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நான் தலையில் கைவைத்து வாய்க்கால் கரைச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். சேலை போயிற்று.

முதலாளிக்குப் போன் போட்டேன். விஷயத்தை முழுக்கக் கேட்டார். பிறகு, "ஏம்மா, ரிப்பன் வெட்டற போட்டோவுல திசை தெரியாதுல்ல?" என்றார்.

"நிழலு தெரியும் சார்."

"அப்ப நிழல் விழாத பக்கமா நின்னு எடுக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

5. வேலையை விடுகிறவள்

அந்தக் கூட்டத்தில் மரகதமும் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். மில்லுக்குப் போகவில்லை. லீவா என்று கேட்டேன்.

"இல்லீங்க. நின்னுக்கலாம்னு இருக்கேன். நாளைக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வந்துருவேன்."

"மில் வேலையவா?"

"ஆமாங்க. அடுத்த வருசம் பர்மனென்ட் பண்றேன்னுதான் சொல்லியிருக்காங்க. என்ன பண்றதுங்க? இந்தப் பாத்தி போயிருச்சுன்னா மறுக்காக் கெடைக்காது. மில்லுல பொழுதுக்கும் பஞ்சுத் தூசிக்குள்ள நிக்கறேன். இங்க வந்துதானுங்க நான் மூச்சு உடறதே."

அவள் அழவில்லை. மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். இதுவரை நான் மாட்டிய பம்புகளால் கரண்ட் மிச்சமாகியிருக்கிறது, டீசல் மிச்சமாகியிருக்கிறது. நான் மாட்டிய பம்பால் ஒரு பெண் பர்மனென்ட் ஆகப்போகிற வேலையை விடுகிறாள் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். பம்பில் ஒரு குறையும் இல்லை. கன்ட்ரோலரைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று பச்சை விளக்கு எரிகிறது.

"பேட்டரி வெச்சாக் காலைல ஓடாதுங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பம்புக்கு பேட்டரி வெக்கறதுக்கு நீங்க ஊரையே விக்கோணும்" என்றேன். "பகல்ல தண்ணிய ஏத்தி வெச்சுக்கறதுக்குத் தொட்டி இருந்தாப் போதும். மேட்டுல ஒரு பெரிய தொட்டி. ராத்திரி பூரா நெறைஞ்சு நிக்கும், ஆறு மணிக்கு வால்வைத் திறந்தா ஆறு மணிக்குத் தண்ணி."

"அப்பத் தொட்டி கட்டியிருக்கலாமில்லீங்க?"

"எஸ்டிமேட்ல இல்லீங்க."

இந்தப் பதிலை என் வாழ்க்கையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னபோது மட்டும் வாய் கசந்தது.

6. ஸ்டெல்லா

அதுவரை வாய் திறக்காமல் நின்ற ஒருத்தி அப்போது பேசினாள். அதுதான் ஸ்டெல்லா. பேனலைத் திருப்பியதில் அதிகம் இழந்தவள் அவள். மத்தியானத் தண்ணீர் குறைந்துவிட்டது. போட்டிருந்த வெண்டை அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தது.

"நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? கடைசியா வந்தவன்னு கொளுத்தற வெயில்ல எனக்கு முறை குடுத்தீங்க. நான் மண்டை காஞ்சு நின்னப்ப ஒருத்தரும் நியாயம் பேசல. இப்ப எனக்குத் தண்ணி நல்லா வரவும் எல்லாத்துக்கும் நியாயம் வந்துருச்சு."

சரோஜா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"தொட்டி எங்கிட்ட இருக்குது. எங்க வீட்டுக்காரரு வேலை செய்யற லாரி பாடிப் பட்டறைல பழைய தண்ணி டேங்கர் ஒண்ணு கெடக்குது. வண்டி போயிருச்சு, டேங்கு மட்டும் கெடக்குது. கேட்டா பட்டறைக்காரரு குடுத்துருவாரு. வீட்டுக்காரரே ஓட்டை அடைச்சு வெல்டிங் வெச்சுத் தருவாரு."

"குடுக்கச் சொல்லு சாமி, புண்ணியமாப் போவும்" என்றார் சரோஜா.

"புண்ணியத்துக்குக் குடுக்கலீங்க. தொட்டி வந்தா மத்தியான முறைன்னு ஒண்ணு இல்லாமப் போயிரும். நான் ஏமாளியாயிருவேன். அதனால மணிக்கணக்கே வேண்டாம். டேங்குல அளவுக் கோடு போட்டுத் தாறோம். ஆளுக்கு ஒரு கோடு தண்ணி, யாரு எப்ப வந்தாலும். மூத்தவங்க, புதுசுங்கற பேச்செல்லாம் இனிமே கூடாது. ஒத்துக்கறதுன்னா டேங்கு வரும்."

சரோஜா மரகதத்தைப் பார்த்தார். பிறகு தன் பாத்தியைப் பார்த்தார். காலை எட்டு மணி முறை அவருடையது. குழு தொடங்கின நாளிலிருந்து காலை முறை அவருக்குத்தான். அது போவதில் அவருக்கு இருந்த வருத்தம் முகத்திலேயே தெரிந்தது. ஒரு நாடகமும் இல்லாமல், "செரி, எறக்கு" என்றார்.

7. ரிப்பன்

கம்பெனி அதிகாரி வந்தபோது ரிக்குக்காரர்கள் பேனலைத் தெற்கே திருப்பிக்கொண்டிருந்தார்கள். நோம்பி முடிந்தும் வடக்கே திரும்பிப் போகாமல் மிச்சமிருந்த நாலு பேர். செயின் பிளாக்கில் ஸ்ட்ரக்சர் தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி சின்ன வயதுக்காரர், மடிப்புக் கலையாத சட்டை. அண்ணாந்து பார்த்தார்.

"மேடம், இது இன்ஸ்டலேஷன் இன்னும் முடியலையா?"

"முடிஞ்சுது சார். கிழக்கே திருப்பிட்டாங்க. இப்ப தெற்கே திருப்பறாங்க."

"ஏன்?"

நடந்ததைச் சொன்னேன். மறைக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன்தான். பேனல் அந்தரத்தில் தொங்குகிறபோது எதை மறைப்பது? அவர் இளநீரைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "இந்த டிராக்கிங் சிஸ்டம் நல்லா இருக்கே, மேனுவலா பண்றாங்களா?" என்றார். வெயில் போகிற பக்கமெல்லாம் பேனலைத் திருப்புவதைத்தான் டிராக்கிங் என்பார்கள். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. போன் எடுத்து வீடியோ பிடித்துக்கொண்டார். ரிப்பனை வெட்டினார். லட்டு வந்தது.

மில்லில் போய்ச் சொல்வதை மரகதம் தள்ளிப்போட்டாள். டேங்கர் இரண்டு வாரத்தில் வந்து இறங்கியது. குவாரியில் கிடந்த கல்லை வைத்து மேட்டில் கால் கட்டி, அதன்மேல் படுக்க வைத்தார்கள். பம்ப் குழாயை அதில் ஏற்றும் வேலையை நாங்கள் செய்துகொடுத்தோம். எஸ்டிமேட்டில் இல்லாத வேலை. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஆளை அனுப்பினார்.

கோடு போட்டதில் ஒரு சண்டை. டேங்கர் உருளையாகப் படுத்திருப்பதால் சம அளவு தண்ணீருக்குக் கோடுகள் சம தூரத்தில் வராது. நடுவில் நெருங்கியும் மேலும் கீழும் தள்ளியும் வரும். ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் அப்படித்தான் வெல்டு வைத்திருந்தார், டேங்கர் செய்கிறவர்களுக்கு அது பழக்கம். நடுக் கோடு தங்களுக்கு விழுமென்று பயந்தவர்கள் விடவில்லை. "எனக்கு மட்டும் இத்தூண்டா?" கடைசியில் சரோஜா எல்லாருக்கும் முன்னால் ஒவ்வொரு கோட்டுக்கும் குடம் குடமாகப் பிடித்து ஊற்றிக் காட்டிய பிறகுதான் வாயடைத்தார்கள். அத்தனை குடமும் மரகதத்தின் பாத்திக்குத்தான் போயிற்று. அதற்கு மட்டும் யாரும் விதியை எடுக்கவில்லை.

8. நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி

டேங்கர் ஓடத் தொடங்கிய முதல் காலை நான் அங்கே இருக்க வேண்டும் என்று நானே போனேன். ஸ்டெல்லாவின் வீட்டில் படுத்திருந்துவிட்டு விடிந்ததும் வந்தேன். மரகதம் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். பேனல் பக்கம் வெயில் இன்னும் வரவில்லை. பம்ப் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வால்வைத் திறந்தாள், ஒரு சத்தமும் இல்லாமல் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. மடை மாற்றி, வரப்பு மாற்றி, முழுப் பாத்தியும் பாய்ந்து முடியவும் தொட்டித் தண்ணீர் அவளுடைய கோட்டுக்கு இறங்கவும் சரியாக இருந்தது.

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். புது சைட்டுக்குப் போனால் எல்லாரும் நிழல் எங்கே விழுகிறது, திசை எது, போரில் தண்ணீர் எத்தனை அடியில் என்று பார்ப்பீர்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் இப்போது அதற்கெல்லாம் முன்னால் அங்கே இருக்கிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, யார் எத்தனை மணிக்கு வருவீர்கள், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்கிறேன். என்ஜினியர் எப்போது வருவார் என்று அவர்கள் கேட்பதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். பதிலைக் கேட்ட பிறகுதான் தொட்டியா, பெரிய பேனலா, அல்லது அந்த இடத்துக்கு சோலாரே வேண்டாமா என்று சொல்கிறேன். முதலாளிக்கு இதனால் இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போயிருக்கிறது. அவர் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

அன்றைக்கு வேன் வந்து நின்றபோது மரகதம் கால் கழுவக்கூட நிற்கவில்லை. மண்வெட்டியை வாய்க்காலோரம் போட்டுவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு ஓடிப்போய் ஏறினாள்.

"ஏனுங்க்கா, இப்பத்தான் வண்டியக் கழுவி எடுத்துட்டு வாரேன், இப்படிச் சேத்தோட ஏறுனா எப்படிங்க?" என்று டிரைவர் கத்தினான்.

"தினமும் இப்படித்தான் ஏறுவேன், பழகிக்க" என்றாள் மரகதம்.

எனக்கு அழுகை வந்தது. வேன் தார் ரோட்டுக்கு ஏறுகிற வரைக்கும் அங்கேயே நின்றிருந்துவிட்டு, சங்ககிரி பஸ்ஸுக்கு நடந்தேன்.